தென்மேற்கு மூலையில் இரண்டு பேனல்கள்

1

உங்கள் பிள்ளை வெளிநாட்டிலிருந்து போன் செய்து, மாடியில் சோலார் போட்டுத் தருகிறேன், இனிமேல் கரண்டுக்குக் கவலையே இல்லை என்று சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். முதலில் அவனை ஊருக்கு வரச் சொல்லுங்கள். மொட்டை மாடியில் ஒரு சாயங்காலம் முழுக்க நிற்கச் சொல்லுங்கள். அதற்கு அப்புறம் அவன் வரைபடம் போடட்டும்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. ஜெர்மனியில் லைப்சிக் நகரத்தில், கூரைகளில் பேனல்களை எங்கே எப்படி வைப்பது என்று வரைந்து கொடுப்பதுதான் என் தொழில். அண்ணாமலை அடிவாரத்தில், வேங்கிக்காலில் இருக்கும் எங்கள் வீட்டுக்கும் நானேதான் வரைந்தேன். அது ஆகி நாலு கார்த்திகை வந்துவிட்டது. அந்த வரைபடத்தை இன்றைக்கு எந்த நிபுணரைக் கூப்பிட்டுக் காட்டினாலும் குற்றம் சொல்ல மாட்டார்.

இன்று ஊரில் மலைமேல் கார்த்திகை தீபம். இங்கே அது வெறும் வேலைநாள். அலுவலகத்துச் சாப்பாட்டு அறையில் சூப் ஆறிக்கொண்டிருக்கிறது. இங்கே மணி ஒன்றரை ஆகும்போது அங்கே ஆறு. நான் போனை மேஜைமேல் சாய்த்து வைத்து, வேங்கிக்கால் வீட்டின் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மஞ்சள் கோடு பேனல்கள் தயாரிக்கும் மின்சாரம். நீலக் கோடு வீடு சாப்பிடும் மின்சாரம். மஞ்சள் சூரியனோடு அடங்கிவிட்டது. எனக்கு வேண்டியது நீலம்.

போன வருடம் இதே நாளில், இதே மேஜையில், இதே நீலக் கோட்டைப் பார்த்துத்தான் நான் ஏமாந்தேன். சரியாகச் சொன்னால் அதற்கு முந்தின இரண்டு வருடமும் ஏமாந்துகொண்டுதான் இருந்தேன். போன வருடம் அது தெரிந்தது.

2

சூரியன் எட்டிப் பார்க்காத ஊரில் உட்கார்ந்து வெயிலை அளக்கிற பிழைப்பு என்னுடையது. கார்த்திகை மார்கழியில் இங்கே எட்டு மணிக்கு விடிந்து நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். நடுவில் இருப்பதையும் வெயில் என்று சொல்ல மனசு வராது. அரிசி களைந்த தண்ணீர் மாதிரி ஒரு வெளிச்சம். இவர்கள் அதையும் விடுவதில்லை. நம்மூர் சித்திரை வெயிலை ஒரு நாள் காட்டினால் அழுதே விடுவார்கள்.

நான் ஊரில் படித்த எலெக்ட்ரிகல் டிப்ளமாவை இவர்கள் மதிப்பதற்கு இரண்டு வருடம் ஆனது. அதுவரை ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கினேன். பிறகு திரும்பவும் முதலிலிருந்து படிக்க வைத்தார்கள். ஆகவே தொழிலை நான் ஜெர்மன் மொழியில்தான் கற்றேன். ஸ்க்ரூவுக்கும் கம்பிக்கும்கூட எனக்கு அவர்கள் சொல்தான் முதலில் வாயில் வருகிறது. இது ஏதோ பெருமை என்று நினைத்துவிடாதீர்கள். இதனால் என்ன கெட்டது என்று பின்னால் சொல்கிறேன்.

சோலார் ஒன்றும் பெரிய மாயம் இல்லை. பேனலில் வெயில் பட்டால் மின்சாரம் பிறக்கும். பேட்டரியில் வருவதுபோல் அது ஒரே திசையில் ஓடுகிற மின்சாரம், வீட்டு மின்விசிறிக்கு ஆகாது. சுவரில் மாட்டியிருக்கும் இன்வெர்ட்டர் அதை வீட்டுக்குத் தோதாக மாற்றிக் கொடுக்கும். முதலில் வீடு எடுத்துக்கொள்ளும். மிச்சம் அதே கம்பி வழியாகத் தெருவுக்குப் போய் யார் வீட்டு கிரைண்டரையோ ஓட்டும். இருட்டிய பிறகு தெருவிலிருந்து நாம் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். போனதையும் வந்ததையும் ஒரே மீட்டர் குறித்துக்கொள்ளும். இவ்வளவுதான். மீதியெல்லாம் நிழல் எங்கே விழும் என்று பார்க்கிற வேலை. அந்த வேலைக்குத்தான் எனக்குச் சம்பளம்.

இங்கே நான் குடியிருக்கும் அடுக்குமாடியில், என் பால்கனிக் கம்பியில் இரண்டே இரண்டு பேனல் மாட்ட ஆசைப்பட்டேன். குடியிருப்போர் சங்கத்தில் ஆறு பக்கப் படிவம் கொடுத்தார்கள். கட்டடத்தின் நிறத்தோடு ஒத்துப்போகுமா, காற்றுக்குக் கழன்று விழாதா, எல்லாம் கேட்டிருந்தார்கள். கடைசிப் பக்கத்தில், மேலும் கீழும் பக்கங்களிலும் இருக்கும் நாலு வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட வேண்டும். எதற்கு என்றால், இந்தப் பேனல்கள் தங்கள் ஜன்னலிலிருந்து தெரியும் காட்சியை மறைக்கவில்லை என்பதற்கு.

காட்சி என்றால் எதிரே ஒரு டிராம் நிறுத்தமும் ஒரு பேக்கரியும். நான் ஒவ்வொரு வீடாகப் போய்க் கதவைத் தட்டினேன். கீழ் வீட்டுக் கிழவர் இரண்டு முறை திருப்பி அனுப்பினார். மூன்றாம் முறை பால்கனிக்கு வந்து நின்று, குனிந்து, நிமிர்ந்து, எல்லாப் பக்கமும் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். இந்த ஆட்களுக்கு வேறு வேலையே இல்லையா என்று வீட்டில் வந்து எரிந்து விழுந்தேன்.

என் அம்மாவிடம் அப்படி ஒரு தாளை நான் நீட்டவில்லை.

3

வேங்கிக்கால் வீடு அப்பா கட்டியது. நான் டிப்ளமா படிக்கும்போது குடிபுகுந்தோம். அப்போது எங்கள் வீட்டுக்கு மேற்கே வெறும் நிலம். மாடியில் எந்த மூலையில் நின்றாலும் மலை தெரியும். தீபத்தன்று கீழ்பென்னாத்தூரிலிருந்து மல்லிகா அக்கா குடும்பத்தோடு வந்துவிடுவாள். ஐந்தரைக்கெல்லாம் எல்லோரும் மாடிக்கு ஏறிவிடுவோம். அம்மா அன்றைக்கு விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். மலைமேல் தீபம் தெரிந்த பிறகுதான் வீட்டில் அகல் ஏற்றுவது, அதற்குப் பிறகுதான் சாப்பாடு. தீபம் தெரிகிற நேரத்தில் வீட்டில் ஒரு பல்புகூட எரியக் கூடாது என்பது அவள் வைத்த சட்டம். யாராவது விளக்கை அணைக்காமல் மேலே வந்துவிட்டால் திரும்ப ஓட வேண்டும்.

அப்பா போன பிறகு அம்மா தனியாக இருந்தாள். கோடையில் கரண்ட் போகிற நேரங்களில் புழுங்கிச் சாகிறாளே என்றுதான் சோலார் யோசனை வந்தது. ஊரில் பாஸ்கர் என்று ஒருவரைப் பிடித்தேன். என் வயதுக்காரர், சொந்தமாகச் சோலார் கடை வைத்திருந்தார், வேலை சுத்தம் என்று அக்கா வீட்டுக்காரர் சொன்னார். மாடியை அளந்து அனுப்புங்கள் என்றேன். தரையின் நீள அகலம், கைப்பிடிச் சுவரின் உயரம், தண்ணீர்த் தொட்டி, மாடிப்படி அறை எல்லாவற்றையும் படம் பிடித்து அனுப்பினார். நான் கேட்டதெல்லாம் தரையின் படம்தான். நிமிர்ந்து எடுத்த படம் ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை.

எங்கள் அலுவலகக் கணினியில் நிழலைக் கணக்கிட ஒரு மென்பொருள் இருக்கிறது. அதில் சூரியனை மறைக்கிற பொருட்களையெல்லாம் 'தடை' என்ற பத்தியில் குறிக்க வேண்டும். மரம், புகைபோக்கி, பக்கத்துக் கட்டடம். மேற்கே புதிதாக ஒரு மூன்று மாடிக் கட்டடம் வந்திருப்பதாகப் பாஸ்கர் உயரத்தோடு எழுதியிருந்தார், அதைத் தடை ஒன்று என்று குறித்தேன். கார்த்திகை மாதத்தில் சூரியன் தென்மேற்கில், மலைக்குப் பின்னால் போய் விழும். அதனால் கடைசி அரை மணி நேரம் வெயில் போய்விடும். ஆகவே மலையையும் குறித்தேன். அண்ணாமலையை நான் தடை இரண்டு என்று எழுதினேன். எழுதும்போது கை கூசவில்லை. மற்ற எந்த இடத்துக்கும் எப்படிச் செய்வேனோ அப்படித்தான் செய்தேன்.

மூன்று மாடிக் கட்டடத்தின் நிழலும் தொட்டியின் நிழலும் சாயங்காலம்வரை படாத இடம் தென்மேற்கு மூலை ஒன்றுதான். தெற்குச் சுவரை ஒட்டி, அந்த மூலைவரை பத்துப் பேனல் வைத்தேன். கைப்பிடிச் சுவரின் நிழலும் படக்கூடாது என்று முன்பக்கத்தைச் சுவர் உயரத்துக்குத் தூக்கினேன். பின்பக்கம் ஆளுயரத்துக்கு மேல் போனது. படத்தில் கச்சிதமாக இருந்தது.

வேலை ஆரம்பித்த அன்று காலையில் பாஸ்கர் கூப்பிட்டார். எனக்கு அது வேலைக்கு ஓடுகிற நேரம்.

"சார், இந்த மூலைய மட்டும் உட்டுட்டு ரெண்டு பேனல் கம்மியா போட்டுக்கலாமா? அம்மா இன்னா சொல்றாங்கன்னா..."

நான் அவரைச் சொல்லி முடிக்க விடவில்லை. எட்டு ஏன் போதாது, அந்த மூலையில் ஏன் விளைச்சல் ஜாஸ்தி என்று அவருக்கு நல்லவிதமாக விளக்கத்தான் நினைத்தேன். தமிழில் அதற்கு எனக்குச் சொல் கிடைக்கவில்லை. ஜெர்மனில் சொன்னால் அவருக்குப் புரியாது. சொல் வராத இடத்தில் எனக்கு அதட்டல்தான் வந்தது.

"டிராயிங்ல இருக்கிற மாதிரி போடுங்க பாஸ்கர். அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்."

சரிங்க சார் என்று வைத்துவிட்டார். அம்மாவிடம் நான் அதைப் பற்றிப் பேசவில்லை. டிராம் வந்துவிட்டது, மறந்துவிட்டேன்.

4

சோலார் போட்டு ஒரு மாதத்துக்குள் முதல் சண்டை வந்தது. பட்டப்பகலில் கரண்ட் போனது. வெயில் கொளுத்துகிறது, மாடியில் பத்துப் பேனல், வீட்டில் மின்விசிறி நின்றுவிட்டது. அம்மா போன் செய்தாள். இவ்வளவு வெயில் அடிக்குதே, நீ போட்டது என்னதான் பண்ணுது என்று கேட்டாள்.

இதையும் நான் முன்பே சொல்லவில்லை. பேட்டரி இல்லாத சோலார், தெருக் கம்பியில் கரண்ட் இருந்தால்தான் வேலை செய்யும். தெருவில் போய்விட்டால் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிட வேண்டும். இல்லையென்றால் லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கிற ஆளை நம் வீட்டுக் கரண்ட் அடித்துவிடும். பேட்டரி அடுத்த வருடம் போடலாம் என்று நான் தள்ளி வைத்திருந்தேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு, அப்படியானால் நின்றது நல்லதுதான், ஏறுகிறவனும் யாரோ பெத்த பிள்ளைதானே என்றாள். விசிறிமட்டையை எடுத்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன். யாருக்காகச் சோலார் போட்டேனோ அவள் அதே புழுக்கத்தில்தான் இருந்தாள்.

ஆனாலும் அவள் என்னிடம் பேசும் பேச்சு அன்றிலிருந்து மாறியது. முன்பெல்லாம் சாப்பிட்டியா, குளிருதா என்பதோடு முடிந்துவிடும். இப்போது தினமும் ஒரு கேள்வி: "இன்னிக்கி எவ்ளோடா வந்துச்சு?" நான் போனைப் பார்த்து இத்தனை யூனிட் என்று சொல்வேன். பரவாயில்லை என்பாள், அல்லது மேகம்டா என்பாள். எங்களுக்குள் பேச ஒரு பொருள் கிடைத்துவிட்டது.

நான் நாள் முழுக்க அந்த நீலக் கோட்டைப் பார்ப்பேன். ஆறு மணிக்கு ஒரு முள் எழும்பினால் அம்மா தண்ணீர் மோட்டார் போட்டிருக்கிறாள். பத்து மணிக்குச் சின்னதாக நடுங்கினால் மிக்ஸி. மத்தியானம் படுத்துக் கிடந்தால் அவளும் படுத்திருக்கிறாள். போன் செய்யாமலே அம்மாவோடு இருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வசதியான பிள்ளைப் பாசம்.

என் மகள் தாரணிக்குப் பதினாலு வயது. பள்ளிக்கூடத்தில் சூரிய மின்சாரம் பற்றி ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். எங்கள் பால்கனியையும் வேங்கிக்காலையும் ஒப்பிட்டு எழுதினாள். பால்கனிக்கு இடம் ஒன்று என்று பெயர், அவள் ஆயா என்று கூப்பிடும் என் அம்மாவின் வீட்டுக்கு இடம் இரண்டு. இடம் இரண்டில் ஒருவர் மட்டும் வசிக்கிறார், அதனால் விளைவதில் பெரும்பகுதி வெளியே போகிறது, இது மிகச் சிறந்த நிலை என்று முடித்திருந்தாள். நல்ல மதிப்பெண் வந்தது. ஆயாவிடம் படித்துக் காட்டு என்றேன். அவளுக்குத் தமிழில் பாதிச் சொல் வரவில்லை. "ஆயா, உன் வீட்டுல ஆள் கம்மி, அதனால நல்லது" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். நான் திருத்தவில்லை. திருத்த என்ன இருக்கிறது, கட்டுரை சரியாகத்தான் இருந்தது.

பேனல் போட்ட பிறகு வந்த முதல் தீபத்தன்று, சரியாக ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் நீலக் கோடு கீழே விழுந்தது. ஃபிரிட்ஜ் ஒன்று மட்டும் ஓடுகிற அளவுக்கு. அம்மா எல்லா விளக்கையும் அணைத்துவிட்டாள், மாடிக்கு ஏறிவிட்டாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அரை மணி கழித்துக் கோடு எழும்பியது. பார்த்துவிட்டு இறங்கிவிட்டாள், அகல் ஏற்றுகிறாள், சாப்பிடப் போகிறாள். சாப்பாட்டு அறையில் உட்கார்ந்தபடி எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் இருந்தவரிடம் போனைக் காட்டி, என் அம்மா இப்போது மலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று சொன்னேன். அவரும் நெகிழ்ந்துபோய் என் தோளைத் தட்டினார்.

அடுத்த வருடமும் அதே மாதிரி. இரண்டுக்கும் நடுவே ஒரு ஆடி மாதம் குடும்பத்தோடு ஊருக்குப் போயிருந்தேன். மாடிக்கு ஏறினேன். ஒவ்வொரு இணைப்பையும் கையால் தொட்டு, ஸ்க்ரூ இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்து, தூசியைத் துடைத்துவிட்டு இறங்கினேன். பேனலைத்தான் பார்த்தேன்.

5

போன வருடம் ஐந்தே முக்காலுக்கு நீலக் கோடு விழுந்தது. நான் சூப்பைக் குடித்தேன். ஆறேகால், ஆறரை, ஏழு. கோடு எழும்பவில்லை. கரண்ட் போயிருந்தால் படமே வராது, ஆனால் ஃபிரிட்ஜ் ஓடுவது தெரிகிறது. அம்மாவுக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. அக்காவுக்கு அடித்தேன், அவளும் எடுக்கவில்லை. கூட்டம் ஒன்று இருந்தது, அதில் உட்கார்ந்து கூரைச் சாய்வைப் பற்றிப் பேசினேன். ஜன்னலுக்கு வெளியே இருட்ட ஆரம்பித்தபோதுதான் அக்கா கூப்பிட்டாள்.

அம்மா விழுந்துவிட்டாள். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள்.

மாடிப்படியிலா என்று கேட்டேன். இல்லை என்றாள் அக்கா. தெருக்கோடியில் ஒரு காலி மனை இருக்கிறது, அங்கே புதிதாக வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டியிருக்கிறார்கள், இருட்டில் பள்ளம் தெரியாமல் கால் வைத்துவிட்டாள், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாத உடம்பு, மயக்கம் வேறு என்றாள். தீபத்தன்று ஆறு மணிக்கு அம்மாவுக்குக் காலி மனையில் என்ன வேலை என்று நான் கேட்டேன். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டேன்.

"தீபம் பாக்கப் போச்சு குமாரு. மூணு வருசமா அங்க போய் நின்னுதான் பாக்குது. நம்ம மாடில நிக்க எங்க எடம் வெச்ச நீ? மல தெரிஞ்ச ஒரு சந்தையும் உன் பேனல வெச்சு அடச்சிட்ட. நாங்க வர்றதையே உட்டுட்டமே, எதுக்குன்னு ஒரு நாளாவது கேட்டியா? படிச்சவன் பாட்டக் கெடுத்தான்னு சும்மாவா சொன்னாங்க."

மேற்கே மூன்று மாடி வந்த பிறகு, மலை தெரிகிற இடமே அந்தத் தென்மேற்கு மூலை ஒன்றுதான். சூரியனுக்கு எது வழியோ அதுதானே கண்ணுக்கும் வழி. அந்தக் கட்டடத்தைத் தடை என்று குறித்தவன் நான். மீதி இருந்த வழியைக் கண்டுபிடித்தவனும் நான். அதை அளந்து, அழகாக மூடினேன்.

அப்படியானால் நான் பார்த்த நீலக் கோடு? விளக்கை அணைத்தது நிஜம். அரை மணி கழித்துப் போட்டதும் நிஜம். நடுவில் அம்மா கதவைப் பூட்டிக்கொண்டு, செங்கல் குவியலுக்கு நடுவே, முன்பின் தெரியாதவர்களோடு போய் நின்றிருக்கிறாள். கோடு அதைச் சொல்லவில்லை. மீதியை நானே இட்டுக்கட்டி, கண் கலங்கி, அடுத்தவன் தோளில் தட்டு வாங்கியிருக்கிறேன்.

6

விடுப்புக்கு எழுதிப் போட்டு, டிக்கெட் கிடைத்து, நான் போய்ச் சேர்வதற்குள் அம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்து, கீழ்பென்னாத்தூரில் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நான் முதலில் வேங்கிக்காலில் இறங்கினேன். பையை வைத்துவிட்டு நேரே மாடிக்குப் போனேன். அந்த மூலையில், அம்மா நிற்கிற இடத்தில் நின்றேன். கண்ணுக்கு நேரே பேனல்களின் பின்பக்கம். வெள்ளைத் தகடு, கறுப்பு வயர், ஒரு குருவி கட்டிய கூடு. எக்கிப் பார்த்தேன், குனிந்து பார்த்தேன், லைப்சிக்கில் அந்தக் கிழவர் பார்த்த மாதிரி எல்லாப் பக்கமும் பார்த்தேன். மலை இல்லை. மலைக்கு அடியில் இருக்கிற ஊரில், என் வீட்டு மாடியிலிருந்து மலை இல்லை.

கீழ்பென்னாத்தூரில் வாசலில் வேர்க்கடலை காய்ந்துகொண்டிருந்தது. அம்மா உள்ளே கட்டிலில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் அழவில்லை. இளைத்துவிட்டாய் என்றாள். பிறகு வழக்கமான கேள்வியைக் கேட்டாள், இன்னிக்கி எவ்ளோ வந்துச்சு என்று. நான் போனைப் பார்க்கவில்லை. ஏம்மா எங்கிட்ட சொல்லல என்று கேட்டேன். ரெண்டு பேனலைக் கழற்றுவது ஒரு மணி நேர வேலை, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே எடுத்திருப்பேனே என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. குற்றவாளிக்குத்தான் குரல் உயரும்.

"அதான் சொல்லல" என்றாள் அம்மா. "சொன்னா எடுத்துருவ. அந்த வூட்ல எல்லாம் உங்கப்பா வெச்சது. நீ வெச்சதுன்னு அது ஒண்ணுதான்டா இருக்குது."

அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் கட்டில் காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அந்த இரண்டையும் எடுத்துவிடப் போகிறேன் என்றேன். அம்மா வேண்டாம் என்றாள். அவள் இனிமேல் மாடிப்படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், பின்னே யாருக்காக எடுப்பது, பத்தும் இருக்கட்டும் என்றாள். சத்தியம் கேட்காத குறையாகச் சொன்னாள். சரிம்மா என்றேன்.

வெளியே வரும்போது அக்கா சொன்னாள், "கண் கெட்டப்புறம் சூரிய நமஸ்காரம் பண்ணப் போறியா? போய் பண்ணு."

மறுநாள் பாஸ்கரை வரச் சொன்னேன். இருவருமாகத்தான் கழற்றினோம். வேலை முடிந்து கையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது அன்றைக்குப் போனில் அம்மா என்ன சொல்லச் சொன்னாள் என்று கேட்டேன். தீபம் பார்க்க ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டால் போதும், பையன் ஒத்துக்கொண்டால் மட்டும், அவன் முடியாது என்றால் வற்புறுத்த வேண்டாம் என்றாளாம். பிறகு அவரும் நானும் அந்தச் சந்தில் நின்று மலையைப் பார்த்தோம். எட்டுப் பேனலே அந்த வீட்டுக்கு ஜாஸ்திதான் சார் என்றார். கழற்றின இரண்டையும் மாடிப்படி அறையில் சுவரைப் பார்த்துச் சாய்த்து வைத்தோம்.

அம்மாவுக்காகக் கழற்றினேன் என்று சொன்னால் அது பொய். அவள் வேண்டாம் என்று சொல்லியும், சரி என்று சொல்லிவிட்டுத்தான் கழற்றினேன். முதலிலும் அவளைக் கேட்காமல் வைத்தேன், கடைசியிலும் கேட்காமல் எடுத்தேன்.

7

வீட்டைப் பூட்டி வைக்க வேண்டாம் என்று அக்கா சொன்னதால், ஆட்சியர் அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்த ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டோம். நாகர்கோவில் பக்கத்து ஆட்கள். இதுதான் அவர்களுக்கு இங்கே முதல் கார்த்திகை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மணி இரண்டைத் தாண்டிவிட்டது. நீலக் கோடு ஒன்றரைக்குச் சற்று முன் கீழே விழுந்தது. ஃபிரிட்ஜ் ஓடுகிற அளவுக்கு. யாரோ அந்தத் தெருவில் அவர்களுக்கு வழக்கத்தைச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். அதே இடத்தில் இறங்கி, அதே அளவு படுத்துக் கிடந்து, அரை மணியில் எழும்பியது. போன வருடத்துக்கு முந்தின வருடத்துப் படத்தை எடுத்து அருகில் வைத்துப் பார்த்தேன். எது அம்மா, எது இவர்கள் என்று எனக்கே சொல்லத் தெரியாது.

உடனே அங்கே வாடகைக்கு இருப்பவரிடமிருந்து ஒரு படம் வந்தது. கைப்பிடிச் சுவர், அதற்கு அப்பால் இருட்டில் மலை, உச்சியில் தீபம். மறைவே இல்லை. கூடவே குரலில் ஒரு செய்தி: "சார், தீபம் ஜம்முன்னு தெரியுது. இந்தத் தெருவுல வேற எந்த வீட்டுலயும் இவ்வளவு அழகாத் தெரியாதாம், பக்கத்துல சொல்றாங்க. பேனலையும் வச்சு, நிக்கதுக்கு எடமும் விட்டிருக்கீங்களே, பிளான் போட்டது யாரு சார்?"

அந்தப் படத்தை அக்காவுக்கு அனுப்ப விரலை வைத்தேன், எடுத்துவிட்டேன். அனுப்பினால் அம்மா பார்ப்பாள். பார்த்தால் மூலை காலியாக இருப்பது தெரிந்துவிடும்.

அதற்குள் அக்கா எண்ணிலிருந்தே அழைப்பு வந்தது. அம்மாதான் பேசினாள். கீழ்பென்னாத்தூரிலிருந்து தீபம் புள்ளியாகத் தெரிந்ததாம், கண்ணில் புரை வேறு, தெரிந்ததா தெரியவில்லையா என்று சந்தேகமாகத்தான் இருக்கிறதாம், தெரிகிறது என்று அக்கா சொன்னதால் சாப்பிட்டுவிட்டாளாம். பிறகு கேட்டாள்.

"இன்னிக்கி எவ்ளோடா வந்துச்சு?"

சொன்னேன்.

"கம்மியா கீதே. பத்தும் இருக்குதுல்ல?"

"இருக்குதும்மா" என்றேன். "மேகம்."